கண்டக்டரின் தலை

நாற்பத்தேழு வயதில் அவர் தன் ஏழாவது பொழுதுபோக்கைத் தொடங்கினார். களிமண்ணில் மனிதத் தலைகள்.

தொழில், நகரப் பேருந்து ஓட்டுவது. நின்றுகொண்டு வருபவர் கையில் டீ கிளாஸ் இருந்தாலும் தளும்பாத அளவுக்கு ஓட்டுவார். ஆனாலும் டெப்போவில் அவருக்கு வைத்த பெயர் ‘சடன் பிரேக்’. காரணம் சாலையில் இல்லை, வீட்டில் இருந்தது. எந்தக் கலையைத் தொட்டாலும் முழு வேகத்தில் போவார். வீட்டில் வேறு யாராவது அதைத் தன்னைவிட நன்றாகச் செய்துவிட்டால் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். பிறகு அந்தப் பேச்சையே யாரும் எடுக்கக் கூடாது.

கீபோர்டு வாங்கினார். மூன்று மாதம் ஒரே பாட்டை இரண்டு கையாலும் உழுதுகொண்டிருந்தார். பெரிய மகள் ஒரு மாலை வீட்டுப்பாடத்தை முடித்த கையோடு வந்து உட்கார்ந்து, அதே பாட்டைத் தப்பில்லாமல் வாசித்துவிட்டு, “இதாப்பா இவ்ளோ நாளா?” என்று கேட்டாள். மறுநாள் கீபோர்டு அலமாரிக்கு மேலே போய்விட்டது. கேமரா வாங்கினார். விடியலைப் பிடிக்க இருட்டோடு எழுந்து மொட்டைமாடியில் நின்றார். மனைவி அதை எடுத்து, பல் விழுந்த சின்ன மகள் சிரிப்பதைப் போகிற போக்கில் ஒரு படம் எடுத்தாள். அதில் அவள் கட்டைவிரலும் ஒரு மூலையில் விழுந்திருந்தது. கழுவிக் கொடுத்த ஸ்டூடியோக்காரர் அதைப் பெரிதாக்கிக் கடை முகப்பில் மாட்டிவிட்டார். டிரைவர் அந்தத் தெரு வழியாக நடப்பதையே விட்டார். மற்றவற்றை விட்டுவிடலாம். எல்லாம் ஒரே மாதிரிதான் முடிந்தன.

பெரும்பாலும் குற்றவாளி மனைவிதான். பல் கட்டும் லேபில் அவளுக்கு வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துக்கொண்டு மெழுகில் பல் செதுக்குவாள். நாள் முழுக்க அரிசி முனை அளவுக்குச் சுரண்டுவதும் ஒட்டுவதும்தான். அந்தக் கை வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. காய் நறுக்கினால் ஒரே அளவில் விழும். நோட்டுக்கு அட்டை போட்டால் கடையில் போட்டது போல இருக்கும். அவர் வியர்த்துக் கொட்டிச் செய்வதை அவள் பேசிக்கொண்டே செய்துவிடுவாள். அதைவிட எரிச்சல், செய்துவிட்டு அதைப் பெரிதாகவும் நினைக்க மாட்டாள்.

களிமண்ணிலும் அதுதான் நடந்தது. கீழ்த்தளத்தில் லாண்டரி வைத்திருப்பவரின் தலையை அவர் மூன்று வாரமாகச் செய்துகொண்டிருந்தார். மூக்கு வந்தது, காது வந்தது, வாய் மட்டும் தபால் பெட்டியின் பிளவு மாதிரியே நின்றது. அவர் டூட்டிக்குப் போயிருந்த நேரத்தில் மனைவி மெழுகுக் கத்தியை எடுத்து இரண்டு கீறு கீறி, கீழுதட்டைச் சற்றே அழுத்திவிட்டாள். மாலையில் லாண்டரிக்காரர் படியேறி வந்து பார்த்தார்.

“யோவ், வாய் பேசுதுய்யா! ‘சட்டை நாளைக்குத்தான் கிடைக்கும்’னு சொல்ற மாதிரியே இருக்கு!”

அதன்பின் வந்தவர் போனவர் எல்லாம் வாயைத்தான் பாராட்டினார்கள். மூக்கைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. டிரைவர் இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை. கால் பிரேக்மேல் இருந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் அவரோடு பதினொரு வருடமாக ஒரே வண்டியில் ஓடும் கண்டக்டர் ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. வழக்கமாக டெப்போவில் சுவர்க்கடிகாரம் கொடுப்பார்கள். இந்தமுறை மெக்கானிக் வேறு யோசனை சொன்னார்.

“சடன் பிரேக், நீ தலை பண்றியாமே. அண்ணனுக்கு ஒரு களிமண் தலை பண்ணிக் குடு.”

“அண்ணனுக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே” என்றார் பக்கத்திலிருந்த ஒருவர்.

டிரைவர் சிரிக்கவில்லை. காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துவிட்டார். டெப்போ முழுக்க நின்று பார்க்கப் போகிறது. வாழ்க்கையில் ஒன்றாவது ஆரம்பம் முதல் முடிவு வரை தன்னுடையதாக இருக்க வேண்டும். “நீ பண்ணினதாய்யா?” என்று யாராவது கேட்கும்போது “ஆமா” என்று மட்டும் சொல்ல முடிய வேண்டும். அதற்குப் பின்னால் ஒரு ‘ஆனா’ வரக் கூடாது.

அன்று இரவுச் சாப்பாட்டின்போதே நிபந்தனை போட்டார். அந்த வீட்டில் இருப்பது ஒரே மேசை. சாப்பாடு, வீட்டுப்பாடம், இஸ்திரி, சிற்பம் எல்லாம் அதன்மேல்தான்.

“இந்தா பாரு, இந்தத் தலைய நீ தொடக் கூடாது.”

“தொடலை.”

“உன் கத்தியும் தொடக் கூடாது.”

“கத்தி தனியா நடந்து வருமா?”

“வாய்கிட்ட போகவே கூடாது.”

“காலைலேருந்து ஊரான் பல்லோட மல்லுக்கட்டிட்டு வர்றேன். வீட்டுலயும் வந்து வாய் பாக்கணும்னு எனக்கு என்ன வேண்டுதலா?”

“சத்தியம் பண்ணும்மா” என்றாள் சின்னவள். “அப்பா தலைமேல அடிச்சு.”

“எந்தத் தலை? இதா, அதா?” என்று மேசையில் ஈரத்துணி மூடிக் கிடந்த மண்ணைக் காட்டினாள் பெரியவள்.

“எனக்கு எதிர்லயே என்னை வச்சுக் கிண்டல் பண்ணுங்க” என்றார் அப்பா. ஆனால் மனைவி சத்தியம் செய்துவிட்டாள். சொன்னால் சொன்னதுதான், தொட மாட்டாள். அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

இது கண்டக்டருக்குத் தெரியக் கூடாத வேலை. எதிரில் உட்கார வைத்துச் செய்ய முடியாது. புகைப்படம் கேட்டாலும் விஷயம் வெளியே வந்துவிடும். டிரைவர் அதற்கு வழி கண்டுபிடித்திருந்தார். கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்ப கால்மணி நேரம் இருக்கும். கண்டக்டர் பின் இருக்கையில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுப் பேப்பரில் குறுக்கெழுத்துப் போடுவார். டிரைவர் தன் இருக்கையைவிட்டு எழ மாட்டார். இன்ஜின் மூடிமேல் பேப்பரை விரித்து, சாப்பாட்டு கேரியரின் அடித்தட்டிலிருந்து மண்ணை எடுப்பார். தலைக்கு மேலே, பயணிகளைப் பார்ப்பதற்கென்று ஒரு நீளக் கண்ணாடி இருக்கிறது. அதில் கண்டக்டரின் முகம் முழுதாகத் தெரியும். நிமிர்வார், பார்ப்பார், குனிவார், அழுத்துவார்.

அந்த முகம் அவருக்கு மனப்பாடம். கண்டக்டரின் விசில் முதல் வருடமே தொலைந்துபோனது. அதன்பிறகு அவர் விசில் வாங்கவே இல்லை. சிறு வயதில் கதவு இடித்ததில் ஒரு புருவம் நடுவில் வெட்டுப்பட்டு இரண்டு துண்டாக இருக்கும். அந்தப் புருவத்தை உயர்த்துவார், டிரைவர் கண்ணாடியில் பார்ப்பார், வண்டி கிளம்பும். குறுக்கெழுத்தில் ஒரு வார்த்தை கிடைத்துவிட்டால் அதே பக்கம் உதடு மேலே ஏறும், உள்ளேயிருந்து முனை உடைந்த ஒரு பல் எட்டிப் பார்க்கும்.

“என்ன தம்பி மண்ணைப் பிசைஞ்சிட்டே இருக்கே?” என்று பின்னாலிருந்து குரல் வரும்.

“சின்னவளுக்கு ஸ்கூல் பிராஜெக்ட் அண்ணே. எரிமலை.”

ஒரு மாதம் கழித்தும் அதே பதில் வந்ததும் கண்டக்டர் பேப்பரை மடக்கினார். “இன்னுமா வெடிக்கலை?”

சிறுவேலைகளை வீட்டில் முடிப்பார். காயும்போது விரிசல் விடாமலிருக்க மண்ணை உள்ளே குடைந்து எடுத்தார். காது மடலுக்கு மட்டும் ஒரு வாரம் ஆனது. மேசையில் ஈரத்துணிக்குள் தலை வளர்ந்துகொண்டே போக, சின்னவள் ஒருநாள், “இவருக்கும் ஒரு தட்டு வைக்கட்டுமா?” என்று கேட்டாள். மனைவி அந்தப் பக்கம் திரும்பியே பார்க்காமல் மேசையைத் துடைத்தாள். துணியை எடுத்துப் பார்க்கக்கூட இல்லை. அதுவும் அவருக்கு உறுத்தியது. ‘பாரு’ என்று சொல்லவும் மனமில்லை, பார்க்காமல் இருப்பதைப் பொறுக்கவும் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை துணியை அவரே விலக்கினார்.

பெரியவள் புத்தகத்தை மூடினாள். “அப்பா… நிஜமாவே அவர்தாம்ப்பா.” சின்னவள் கைதட்டினாள். உடைந்த பல் சரியான அளவில் எட்டிப் பார்த்தது. வெட்டுப்பட்ட புருவம் இப்போதே வண்டியைக் கிளப்பிவிடும் போலிருந்தது. மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து வெகுநேரம் பார்த்தாள்.

“சொல்லு” என்றார் அவர்.

“நல்லா இருக்கு.”

“அவ்ளோதானா?”

“ரொம்ப நல்லா இருக்கு. நெசமா. பல்லு மட்டும்…”

“வந்துட்டியா பல்லுக்கு!”

“இல்லைங்க, உடைஞ்ச பல்லு அவருக்கு இடது பக்கம். வெட்டுப் புருவமும் இடது பக்கம்தான். நீங்க ரெண்டையும் வலது பக்கம் வச்சிருக்கீங்க.”

இடது, வலது என்பது அவளுக்குப் பிழைப்பு. பக்கம் மாறிய பல் லேபுக்கே திரும்பி வந்துவிடும். ஆனால் அவர் காதில் விழுந்தது வேறு. இதோ, நுழைந்துவிட்டாள். கையால் தொட முடியாததால் வாயால் தொடுகிறாள். நாளைக்கு எல்லோரும் “பல்லை அவங்கதான் சரி பண்ணினாங்க” என்பார்கள்.

“பதினொரு வருஷமா தினம் இந்த மூஞ்சியப் பாத்துட்டு இருக்கேன். நீ எப்பப் பாத்தே?”

“மூணு மாசம் முன்னாடி சாப்பிட வந்தாரே. நீங்க அவர் பக்கத்துல, நான் எதிர்லதானே உக்காந்திருந்தேன்.”

“ஒரு வேளைச் சாப்பாட்டுல உனக்கு என்னைவிடத் தெரிஞ்சுபோச்சு!”

“பல்லப் பாத்தா எனக்கு மறக்காது.”

“இதுல கை வைக்காம உன்னால இருக்க முடியலை. அதுதான் விஷயம். பொறாமை.”

பொறாமை என்ற சொல்லை அந்த வீட்டில் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்னவர் அவர் என்பதில் பிள்ளைகளுக்கே ஆச்சரியம். மனைவி துண்டை நாற்காலிமேல் போட்டாள்.

“ஆமா, பொறாமைதான். மண்ணுமேல இல்லை, அவர்மேல. அவர் சிரிச்சா எவ்ளோ உதடு ஏறும், காது எவ்ளோ மடங்கும், எல்லாம் தெரியுது உங்களுக்கு. கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சே, என் மூஞ்சிய ஒருநாள் இப்படி உத்துப் பாத்திருக்கீங்களா? எனக்கு உடைஞ்ச பல்லு எந்தப் பக்கம்? சொல்லுங்க பாப்போம்.”

அவர் அவசரமாக அவள் வாயைப் பார்த்தார். மனைவி உதட்டை இறுக்கிக்கொண்டு நின்றாள்.

“ஏதாவது ஒரு பக்கம் சொல்லுப்பா” என்று சின்னவள் கிசுகிசுத்தாள். “பாதி சான்ஸ் இருக்கு.”

“…வலது?”

“எனக்கு உடைஞ்ச பல்லே கிடையாது” என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டூட்டியில் அவர் கண்ணாடியை வழக்கத்தைவிட அதிகமாகப் பார்த்தார். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அந்தப் புருவம் ஏறியது. ஒவ்வொரு தடவையும் அது தான் வைத்த பக்கத்திலேயே இருந்தது. துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த மண் தலையை, கண்டக்டர் குறுக்கெழுத்தில் மூழ்கியிருந்தபோது எடுத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் தன்னைப் பார்க்கும்படி பிடித்து ஒப்பிட்டும் பார்த்தார். அப்படியே பொருந்தியது. இடைவேளையில் இருவரும் எப்போதும் போல வண்டிப் படியில் தோளோடு தோள் உட்கார்ந்து, சாலையைப் பார்த்தபடி டீ குடித்தார்கள். பக்கத்தில் திரும்பிப் பார்க்கவேண்டிய தேவையே அவருக்கு இல்லை. சாட்சிக்குத்தான் கண்ணாடி இருக்கிறதே.

வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னார். “நாள் பூரா பாத்தேன். நான் வச்ச பக்கம்தான்.”

“சரி” என்றாள் மனைவி.

“சரின்னா?”

“சரின்னா சரி. உங்க கண்டக்டர், உங்க மண்ணு.”

அந்த ‘சரி’ அவரைத் தூங்கவிடவில்லை. சண்டை போட்டிருந்தால் ஜெயித்திருப்பார்.

வழியனுப்பு விழா டெப்போ கேன்டீனில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்னால் ஒரு மேசை வைத்து, அதன்மேல் துணி மூடிய தலையை வைத்திருந்தார்கள். குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்ததால் மனைவியை அழைத்து வராமல் இருக்க முடியவில்லை. அவள் மூன்றாவது வரிசையில் மகள்களோடு உட்கார்ந்திருந்தாள். அவள் அங்கே இருப்பதே, பரீட்சை எழுதும்போது முதுகுக்குப் பின்னால் வாத்தியார் நிற்பது போல இருந்தது அவருக்கு.

மெக்கானிக் துணியை உருவினார். கைதட்டல் பலமாகக் கிளம்பி, பாதியிலேயே மெலிந்துவிட்டது. ஆட்கள் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்கள்.

“அண்ணன்தான். ஆனா என்னமோ…”

“அவர் தம்பியா இது?”

“தம்பி ஏது? ஒத்தப் பிள்ளை அவரு.”

“தட்டுறதா வேணாமா, சொல்லித் தொலைங்கப்பா” என்றார் கைகளைப் பாதியில் நிறுத்தியிருந்த மெக்கானிக்.

கண்டக்டரின் மனைவி எழுந்து போய்த் தலையருகே நின்றாள். முகத்தைச் சுளித்தாள். “யாரு இது?”

அப்போதுதான் கண்டக்டரே எழுந்து வந்தார். முழங்காலில் கையூன்றிக் குனிந்து, மண் முகத்துக்கு எதிரே தன் முகத்தை வைத்துப் பார்த்தார். வெட்டுப்பட்ட புருவம் ஏறியது.

“ஏய், நான்தான்யா இது! அச்சு அசல் நான்! தினம் காலைல ஷேவ் பண்றப்போ பாக்குறேனே, அதே ஆளு! உங்களுக்கெல்லாம் கண்ணு என்ன ஆச்சு?”

மெக்கானிக் மெதுவாக நடந்து வந்து கண்டக்டரின் தோளைப் பிடித்து மண் தலைக்குப் பக்கத்தில் எல்லோரையும் பார்க்கும்படி நிறுத்தினார். மனிதனுக்கு வெட்டு இடது புருவத்தில். மண்ணுக்கு வலது புருவத்தில். பல்லும் அப்படியே. சிரிக்கும்போது இழுக்கும் உதடும் அப்படியே.

“சடன் பிரேக், நீ இவரை எங்கேருந்துய்யா பாத்து செஞ்சே?”

டிரைவர் தலைக்கு மேலே கையைக் காட்டினார். “…கண்ணாடில.”

சிரிப்பில் கேன்டீன் கூரை எழும்பி உட்கார்ந்தது. நாற்காலிகள் கிறீச்சிட்டன. “பதினொரு வருஷமா ஒருநாள்கூடத் திரும்பிப் பாக்கலையாய்யா?” என்று ஒருவர் கேட்க, “பாத்தா ஆக்சிடென்ட் ஆயிருக்கும்ல” என்று இன்னொருவர் சொன்னார். டிரைவர் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. மூன்றாவது வரிசையைப் பார்த்தார். மகள்கள் இருவரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். மனைவி சிரிக்கவில்லை. கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் சிரித்திருந்தால் கோபப்பட்டுத் தொலைத்திருக்கலாம். அவருடைய மானத்தைக் காப்பாற்றுகிறாள் என்பது புரிந்ததும் வயிறு இன்னும் எரிந்தது. பெருந்தன்மையிலும் தன்னைவிட அவள் கை தேர்ந்தவள்.

கண்டக்டர் தலையைக் குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டார். “யாரும் தொடக் கூடாது. எங்க வீட்டுல முகம் பாக்குற கண்ணாடிக்குப் பக்கத்துல வைக்கப் போறேன்.”

“உங்களுக்கு அது நீங்க” என்றாள் அவர் மனைவி. “எனக்கு அது எவனோ. நான் தினம் பாக்குற மூஞ்சி இது இல்லை. எவனையோ வீட்டுல வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?” அவள் மூன்றாவது வரிசைக்கு நடந்தாள். “ஏம்மா, நீ பல்லு செய்யுறவதானே? லாண்டரிக்காரர் வாயை நீதான் பண்ணினியாமே. தம்பி வண்டியில தினம் அதைச் சொல்லித்தான் புலம்புவாராம். எனக்கு ஒண்ணு பண்ணித் தா. நான் பாக்குற மூஞ்சி. இவரை எதிர்ல உக்கார வச்சுப் பண்ணு.”

கேன்டீன் மொத்தமும் இப்போது டிரைவரின் மனைவியைப் பார்த்தது. அவள் டிரைவரைப் பார்த்தாள்.

“அவரைக் கேளுங்க அக்கா. களிமண்ணு அவரோட வேலை.”

“என்னை எதுக்குக் கேக்கணும்?” என்றார் அவர். குரல் எங்கோ பக்கத்து அறையிலிருந்து வருவது போல இருந்தது. “பண்ணட்டும். அவளுக்கு வரும்.”

வீடு திரும்பும்போது பேருந்தில் பயணிகளாக உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு நிறுத்தம் தாண்டியதும் சின்னவள் பொறுக்க முடியாமல், “அப்பா, அடுத்தது என்னப்பா? பாட்டா, டான்ஸா?” என்று கேட்டாள்.

“அடுத்தது ஒண்ணும் இல்லை. இதையே ஒழுங்கா முடிக்கலை.”

பெரியவள் அம்மாவைப் பார்த்தாள். பிரேக் சத்தம் கேட்கவில்லை.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போது அவர் சொன்னார். “நீ அடிச்சுச் சொல்லியிருக்கலாம்.”

“சொன்னேனே.”

“இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?”

அவர் யோசித்தார். “மாட்டேன்.”

அன்று அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு மேசையைத் தட்டிப் பார்த்தாள். “எனக்கு மெழுகுதாங்க பழக்கம். மண்ணுப் பதம் தெரியாது. எவ்ளோ தண்ணி விடணும், எவ்ளோ நேரம் பிசையணும், ஒண்ணும் தெரியாது. நீங்க பிசைஞ்சு தரணும்.”

அவருக்குத் தெரியாதது அவளுக்குத் தெரிந்திருப்பதுதான் அந்த வீட்டு வழக்கம். இது புதிது. உள்ளுக்குள் எழுந்த சின்ன சந்தோஷத்தை அவர் முகத்துக்கு வரவிடவில்லை.

“பிசைஞ்சு தரேன். அதோட சரி. பக்கத்துல உக்காந்து நான் பாக்க மாட்டேன்.”

மறுநாள் டெப்போ அலுவலகத்தில், வரும் ஞாயிறன்று தனக்கு டூட்டி போடும்படி கேட்டார். அந்த முகத்தில் அவள் கை ஓடுவதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க அவரால் முடியாது. விடுமுறை நாளில் வேலை கேட்டு வந்த டிரைவரை அங்கிருந்தவர்கள் ஏற இறங்கப் பார்த்தார்கள். ஆள் போதும், வீட்டில் இருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்குக் கண்டக்டர் வந்து அந்த மேசைக்கு எதிரே உட்காருகிறார். மண்ணை அதற்குள் டிரைவர் பிசைந்து முடித்திருக்க வேண்டும்.